பழைய பெட்டியின் நேரிய விலை

பொன்னை விற்கப் போகிறவருக்குக் கவலை குறைவு. உரைத்துப் பார்க்கக் கல் இருக்கிறது. நிறுத்துப் பார்க்கத் தராசு இருக்கிறது. அன்றைய விலையோ ஊரறிந்தது. ஒரு கடைக்காரர் குறைத்துச் சொன்னால் அடுத்த கடைக்கு நடக்கலாம். அரிசிக்கும் துணிக்கும் அவ்வாறே அளவைகள் உண்டு. ஆனால், ஒரு காலத்தில் பிள்ளைகள் விளையாடி மகிழ்ந்து, பின்னர் அலமாரியின் அடித்தட்டில் ஒதுக்கப்பட்டு, முப்பது ஆண்டுகள் கழித்து வீடு மாறும் நாளில் மீண்டும் வெளிச்சத்திற்கு வரும் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவிக்கு எந்தத் தராசு பொருந்தும்? அதைக் குப்பையென்று எறிபவரும் உண்டு. புதையலென்று பூட்டி வைப்பவரும் உண்டு. இருவருமே மதிப்பிட்டவர் அல்லர்.

இத்தகைய கருவிகள் இன்று விலைபோகும் பொருள்களாகிவிட்டன. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. எனினும் பழம்பொருள் வாணிகம் அதனோடு மறைந்துவிடவில்லை. 2012இல் சிங்கப்பூரில் தோன்றிய கெரோசல் போன்ற கைப்பேசிச் சந்தைகளில் அது புதுவாழ்வு பெற்றிருக்கிறது. பள்ளி விடுமுறை நாள்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடி அமர்ந்த அன்றைய சிறுவர்கள் இன்று நாற்பதைக் கடந்த தந்தையர். கழிந்த இளமையை விலைகொடுத்து வாங்க இயலாது; அவ்விளமை உடன்கொண்டிருந்த பெட்டியையாவது வாங்கலாம் என்பது அவர்தம் எண்ணம். எண்ணம் உள்ள இடத்தில் விலை பிறக்கிறது. விலை பிறந்த இடத்தில் ஏமாற்றும் உடன்பிறக்கிறது. ஆகவே, இப்பொருள்களை மதிப்பிடும் முறையை அறிந்துகொள்வது வாங்குவோர்க்கும் விற்போர்க்கும், ஒன்றுக்கு ஒன்றாய் மாற்றிக்கொள்வோர்க்கும் இன்றியமையாததாகிறது.

பொருள் எது?

மதிப்பீட்டின் முதற்படி சரியாகப் பெயரிடுதல். "பழைய நிண்டெண்டோ பெட்டி" என்று சொல்லி ஒருவர் கொண்டுவருவது உண்மையில் எது? ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் 14,800 யென் விலைக்கு வெளியிட்ட 'பேமிலி கம்ப்யூட்டர்', சுருக்கமாகப் 'பேமிகாம்', வெண்மையும் செம்மையும் கலந்த சிறு பெட்டியாகும். அதுவே 1985இல் வேறு பெயரோடும் சாம்பல் நிறத்தோடும் அமெரிக்கா சென்றது. முன்னதன் கேட்ரிட்ஜில் 60 இணைப்பு முனைகள், பின்னதில் 72. ஒன்றன் கேட்ரிட்ஜ் மற்றொன்றில் நேரே பொருந்தாது. இதனை அறியாமல் ஜப்பானியக் கருவியையும் அமெரிக்கக் கேட்ரிட்ஜ்களையும் சேர்த்து வாங்கியவருக்கு வாய்ப்பது விளையாட்டு அன்று. அலமாரிக்கு அழகு சேர்க்கும் இரண்டு காட்சிப் பொருள்கள் மட்டுமே.

மலேசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பல வீடுகளில் இருந்தது அசல் பேமிகாம் அன்று. தைவானிலிருந்து வந்த 'மைக்ரோ ஜீனியஸ்'. பேமிகாம் கேட்ரிட்ஜ்களை ஏற்று இயங்கும்படி அமைக்கப்பட்ட கருவி அது. அதனோடு, பேமிகாமின் உருவத்தையே அப்படியே நகலெடுத்த பெயரறியாப் பெட்டிகளும் சந்தையில் உலவின. அவற்றை வேறுபடுத்தி அறிவது அரிதன்று. அசல் பேமிகாமின் இரண்டு கைப்பிடிகளும் கம்பியால் பெட்டியோடு பிணைக்கப்பட்டவை. இரண்டாம் கைப்பிடியில் ஒலிவாங்கி ஒன்று இருக்கும். நிறுவனத்தின் பெயர் அடியில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

மைக்ரோ ஜீனியசை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஈப்போவிலோ கிள்ளானிலோ வளர்ந்த ஒருவருக்கு அதுவே உண்மையான இளமைப்பெட்டியாக இருக்கக்கூடும். அதற்காகவே அவர் நல்ல விலை தரவும் கூடும். குற்றம் அந்தக் கருவியில் இல்லை. அதற்கு நிண்டெண்டோ என்று பெயர் சூட்டி விற்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அழைப்பதே நேரிய வாணிகத்தின் தொடக்கம்.

ஒரே பெயர் தாங்கிய கருவிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 1983இல் வெளிவந்த முதற்காலப் பேமிகாம்களின் கைப்பிடிகளில் சதுர வடிவ ரப்பர்ப் பொத்தான்கள் இருந்தன. அவை எளிதில் பழுதுற்றமையால் பின்னர் வட்டப் பொத்தான்களாக மாற்றப்பட்டன. அன்று குறையெனக் கருதப்பட்ட அந்தச் சதுரப் பொத்தான்களே இன்று சேகரிப்போர் தேடும் அடையாளம்! குறையும் அருமையாகும் விந்தையைப் பழம்பொருள் உலகில்தான் காணலாம்.

உடலும் உயிரும்

பெயர் தெரிந்தபின் நிலையை நோக்குதல் வேண்டும். சேகரிப்போர் பொதுவாக மூன்று நிலைகளாகப் பிரிப்பர்: கருவியோ கேட்ரிட்ஜோ மட்டும் இருப்பது, அட்டைப்பெட்டி, கையேடு முதலியவற்றோடு முழுமையாக இருப்பது, பிரிக்கப்படாத புதுப்பெட்டியாகவே இருப்பது. இம்மூன்றுக்கும் இடையே விலை பன்மடங்கு வேறுபடும். வெறும் அட்டைப்பெட்டிக்கு இத்துணை மதிப்பா என்று வியப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கருவியை யாரும் எறியவில்லை. அட்டைப்பெட்டியைத்தான் எல்லாரும் எறிந்தார்கள். எறியப்பட்டதே அரியதாயிற்று. பெட்டியின் மேலுள்ள வரிசை எண்ணும் கருவியின் அடியிலுள்ள எண்ணும் ஒத்திருந்தால் அவை பிறந்தநாள் முதல் ஒன்றாக வாழ்ந்தவை என்பது உறுதியாகும், மதிப்பும் உயரும்.

அடுத்து, உடலின் நிறம். 1990இல் வந்த சூப்பர் பேமிகாம் போன்ற வெளிர்நிறக் கருவிகள் காலப்போக்கில் பழுப்பு மஞ்சளாக மாறுவதைக் காணலாம். பிளாஸ்டிக் எளிதில் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கப்பட்ட புரோமின் கலந்த பொருள் ஒளியாலும் வெப்பத்தாலும் மாற்றமடைவதே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். ஒரே கருவியில் மேற்பாதி மஞ்சளாகவும் கீழ்ப்பாதி வெண்மையாகவும் இருப்பதும் உண்டு. இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக் கலவையில் வார்க்கப்பட்டவை. ஐதரசன் பெராக்சைடைப் பூசி ஒளியில் வைத்து வெண்மையை மீட்பவர் உளர். ஆயினும் சில வேளைகளில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மஞ்சள் மீண்டும் திரும்புவதும் உண்டு. எனவே, வெளுக்கப்பட்ட கருவியை இயல்பாகவே வெண்மையாக நின்ற கருவிக்கு நிகராக விலை கூறுதல் முறையன்று.

உடல் நன்றாயிருந்தும் உயிர் ஒடுங்கிக்கொண்டிருக்கும் கருவிகளும் பல. சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' என்னும் கையடக்கக் கருவி 1990இல் வெளிவந்தது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் காலம் செல்லச் செல்லக் கசிந்துவிடும். ஒலி மெலியும், திரை மங்கும், கசிந்த நீர்மம் மின்பலகையையும் அரிக்கும். மின்தேக்கிகள் மாற்றப்படாத கேம் கியரை வாங்குகிறவர் பழுதுபார்க்கும் கூலியையும் சேர்த்தே வாங்குகிறார். 1994இல் வந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் வட்டைப் படிக்கும் பகுதி தேய்ந்து, படம் தடுமாறும். கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடிய வீடுகளை அக்காலத்தவர் நன்கறிவர். அதுவும் ஒரு நோய்க்குறியே.

வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நாடுகளில் மேலும் சில சோதனைகள் தேவை. அட்டைப்பெட்டியில் பூஞ்சை படிந்திருக்கிறதா? இணைப்பு முனைகளில் களிம்பு ஏறியிருக்கிறதா? பேட்டரி அறையில் வெண்ணிறப் பொடி தெரிகிறதா? இவற்றைக் கண்ணால் கண்டே அறியலாம். மின்னழுத்தமும் கருதத்தக்கது. ஜப்பானிய வீடுகளின் மின்னழுத்தம் 100 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த கருவியின் மின்மாற்றியை நேரே சுவரில் செருகினால் ஒரு நொடியில் அதன் வாழ்வு முடிந்துபோகும். "வேலை செய்கிறதா என்று தெரியவில்லை" என்று விற்கப்படும் பெட்டிகளுள் சிலவற்றின் கதை இதுவாகவும் இருக்கலாம். சோதிக்கப்படாத கருவியைப் பழுதான கருவியாகவே கொண்டு விலை பேசுதல் அறிவுடைமை.

போலிக் கேட்ரிட்ஜ்களும் மிகுதி. புகழ்பெற்ற விளையாட்டு ஒன்று வழக்கத்திற்கு மாறாக மலிவாக வந்தால் ஐயுற வேண்டும். அசல் கேம் பாய் கேட்ரிட்ஜின் ஒட்டுத்தாளில் மெல்லிய எண்முத்திரை அழுத்தப்பட்டிருக்கும். அச்சு கூர்மையாக இருக்கும். உரிய திருப்புளி கொண்டு திறந்தால் மின்பலகையில் நிறுவனத்தின் பெயர் தெரியும். விற்பவர் திறந்து காட்ட மறுத்தால், மறுப்பே பாதி விடையாகும்.

அருமையும் ஆசையும்

பழமையானது எல்லாம் விலையுயர்ந்தது என்று எண்ணுவோர் பலர். அது பிழை. பேமிகாமும் அதன் அமெரிக்க வடிவமும் சேர்ந்து 6 கோடியே 19 இலட்சம் விற்றன. நாற்பது வயது கடந்தும் அவை இன்னும் எங்கும் கிடைக்கின்றன. எங்கும் கிடைப்பதற்கு எவர்தாம் பெரும்பொருள் தருவர்? மாறாக, 1990இல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்கென உருவான கேட்ரிட்ஜ்களுள் சாம்பல் நிறத்தவை 90, பொன்னிறத்தவை 26. அவை விற்பனைக்கு வந்தாலே செய்தியாகிவிடுகின்றன.

அருமை மட்டும் போதுமா? போதாது, அதனை விரும்புவோரும் வேண்டும். உலகில் ஒன்றே ஒன்று இருந்தும் யாரும் விரும்பாத பொருளுக்கு விலை இல்லை. இவ்விரண்டும் கூடுமிடத்தில் வரலாறும் சேர்ந்துகொண்டால் விலை எங்கோ சென்றுவிடும். அட்டாரி நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'ஈ.டி.' என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. பெருந்தோல்வியடைந்த அவ்விளையாட்டின் விற்காத சரக்கு, பிற சரக்குகளோடு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ நகரத்துக் குப்பைமேட்டில் 1983இல் புதைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அம்மேட்டைத் தோண்டி ஏறத்தாழ 1,300 கேட்ரிட்ஜ்களை எடுத்தனர். நசுங்கி, மண்படிந்து, நாற்றமெடுத்த அவற்றுள் பலவற்றை நகராட்சி சான்றிதழோடு ஏலத்தில் விற்று, ஓர் இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியது. அதே விளையாட்டின் தூய்மையான கேட்ரிட்ஜ் பழம்பொருள் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும். நல்லது மலிவாகவும் நைந்தது அரிதாகவும் ஆனது ஏன்? மக்கள் வாங்கியது விளையாட்டை அன்று. அது புதையுண்ட கதையை. அக்கதைக்குச் சான்றிதழ் இல்லையேல் அது வெறுங்குப்பையே. ஆதலின் வரலாற்றைச் சொல்லி விலை கேட்பவரிடம் அவ்வரலாற்றுக்குச் சான்று கேட்பது வாங்குவோர் உரிமையாகும்.

கேட்ட விலையும் விற்ற விலையும்

விலையைக் கண்டறிய முற்படுவோர் பெரும்பாலும் ஒரு தவற்றைச் செய்கின்றனர். விற்பனைக்கு வைத்திருப்போர் எழுதியிருக்கும் தொகையைச் சந்தை விலையென நம்பிவிடுகின்றனர். ஒருவர் தம் பழைய பெட்டிக்கு 2,000 வெள்ளி என்று எழுதி ஓராண்டு காத்திருக்கலாம், எழுதுவதற்குச் செலவில்லை. அவ்விலை அவருடைய ஆசையைக் காட்டுகிறதேயன்றிப் பொருளின் மதிப்பைக் காட்டவில்லை. உண்மையில் கைமாறிய தொகைகளையே நோக்க வேண்டும். அவற்றுள்ளும் ஒன்றை மட்டும் நம்பாமல், அண்மைய பல விற்பனைகளை அடுக்கி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, இடைப்பட்டதைக் கொள்ளுதல் நன்று. நிலை ஒத்தவற்றையே ஒப்பிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பெருஞ்செய்திகளும் மயக்கம் தரும். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம், பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் 1.56 மில்லியன் டாலருக்கு ஏலம் போயிற்று. செய்தியைப் படித்தவர்கள் தத்தம் வீட்டு அலமாரிகளைத் துழாவினர். அவ்விளையாட்டோ 1996இல் வெளிவந்து ஒரு கோடிக்கு மேல் விற்றது. அலமாரியில் இருந்தது பிரிக்கப்பட்டு, விளையாடப்பட்டு, பெயர் கிறுக்கப்பட்ட ஒன்று. அதற்கும் ஏலத்தில் விற்றதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை. இருவர் போட்டியிட்டு உயர்த்திய ஒருநாள் விலை ஊர்ச்சந்தையின் விலையாகிவிடாது.

கடைக்காரர் தரும் விலையையும் நேர்மையாகப் புரிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு கருவி சந்தையில் 300 வெள்ளிக்கு விற்கிறது எனக் கொள்க. கடைக்காரர் அதற்கு 170 வெள்ளி தருவதாகச் சொன்னால் கொள்ளையடிக்கிறார் என்று சினப்பது சரியன்று. துடைத்தல், பழுதுபார்த்தல், கடை வாடகை, விற்காமல் கிடக்கும் மாதங்கள், வாங்கியவர் குறைசொல்லித் திருப்பித் தந்தால் ஏற்கும் பொறுப்பு ஆகியவை அனைத்தும் அவ்விடைவெளியில் அடங்கியிருக்கின்றன. ஆனால், இரண்டு தனியாள்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும்போது கணக்கு வேறு. ஒருவர் தம் சூப்பர் பேமிகாமைச் சந்தை விலையிலும், எதிரே இருப்பவரின் கேம் பாயைக் கடைக்காரர் வாங்கும் விலையிலும் மதிப்பிட்டால் அது மாற்று ஆகாது. மறைமுகப் பறிப்பு ஆகும். இரண்டு பொருளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். பிறர் பொருளையும் தம் பொருள் போலவே கருதுவது நடுவுநிலைமையின் வணிக வடிவமாகும்.

அறிந்தவர் கடமை

இனி, இவ்வாணிகத்தின் கடினமான வினாவுக்கு வர வேண்டும். பெரும்பாலும் இருவருள் ஒருவரே அறிந்தவராக இருக்கிறார். மகன் வெளியூரில் குடியேறிவிட, அவன் அறையைத் துப்புரவு செய்யும் தாய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, "இதற்கு ஏதாவது கொடுங்கள், தம்பி," என்கிறார். பெட்டிக்குள் அட்டை குலையாத அரிய விளையாட்டுகள். 20 வெள்ளி கொடுத்தாலும் அவர் மகிழ்ச்சியோடு போய்விடுவார். தம்பி என்ன செய்ய வேண்டும்?

"பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற அறிவுக்கு ஊதியம் வேண்டாமா?" என்று கேட்பர் ஒரு சாரார். வேண்டியதுதான். அறிவு இலவசமாக வந்ததன்று. அறியாமல் நிகழும் ஊதியத்தையும் யாரும் குறைகூற இயலாது. சோனியும் நிண்டெண்டோவும் 1990களின் தொடக்கத்தில் கூட்டாக உருவாக்கி, பின்னர் கைவிட்ட கருவியின் மாதிரி ஒன்று, திவாலான ஒரு நிறுவனத்தின் உடைமைகள் ஏலமிடப்பட்டபோது 75 டாலருக்கு வாங்கிய பொருள்களினூடே கிடந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அது 3,60,000 டாலருக்கு விற்றது. விற்றவரும் அறியவில்லை, வாங்கியவரும் அறியவில்லை, அது நற்பேறு. ஆனால் வாங்குபவர் அறிந்தும், கேட்டபோது "இதெல்லாம் குப்பை, அம்மா" என்று சொன்னால் அது பொய். பொய்யால் வந்தது களவு. கேளாதபோது வாய்மூடி வாங்கிக்கொள்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சட்டம் அதனைத் தண்டிக்காது. ஆயினும், அந்தத் தாயின் மகன் நாளை விலையை அறிந்து, வாங்கியவரைத் தெருவில் சந்திக்க நேர்ந்தால், அவர் தலைநிமிர்ந்து நிற்பாரா என்பதே அதற்குரிய சோதனை. "அம்மா, இது விலையுள்ள பொருள். நான் கடைக்காரன், எனக்கும் இலாபம் வேண்டும். ஆகவே, இவ்வளவு தர முடியும். வேண்டுமானால் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்," என்று சொல்லும் கடைக்காரர் அன்று சிறிது இழக்கலாம். ஆயினும் அடுத்த வீட்டார் பெட்டியைத் திறக்கும் நாளில் அவரைத்தான் தேடி வருவர்.

மதிப்பிடுவோர் மறந்துவிடும் ஒன்று இன்னும் உண்டு. கேம் பாய்க்கென 1996இல் ஜப்பானில் வெளிவந்த 'போக்கேமான்' போன்ற விளையாட்டுகளின் கேட்ரிட்ஜுக்குள் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று இருக்கும். விளையாடியவர் பெயரும் அவர் எட்டிய நிலையும் அதன் ஆற்றலால்தான் நிலைத்திருக்கின்றன. பேட்டரி ஓய்ந்தால் அவை அழியும். விற்பனைக்கு முன் புதுப் பேட்டரி மாற்றினால் பொருளின் விலை கூடும். அதே வேளையில் பழைய பதிவு, தனியே நகலெடுத்து வைக்கப்படாவிடில், துடைத்தெறியப்படும். அப்பதிவு பத்து வயதில் ஒரு சிறுவன் தன் பெயரைத் தட்டி எழுதியதாக இருக்கலாம். அச்சிறுவன் இன்று தொலைவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சந்தையில் அதற்கு ஒரு காசும் பெறாது. ஆகையால், விற்பவர் அந்தக் கேட்ரிட்ஜை ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும், வாங்குபவர் பெயர் ஏதும் கண்டால் "இது வேண்டுமா?" என்று கேட்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியாக இருத்தல் வேண்டும். எதற்கு விலை சொல்லலாம், எதற்கு விலை சொல்லலாகாது என்று பிரித்தறிந்த பிறகே ஒருவர் விலை சொல்லத் தகுதி பெறுகிறார்.